‘நாளைக்குக் கூப்பிடறேன்’: இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவே?

தங்கச்சி, ஃபியூச்சர் டென்ஸ்னு சொன்னதும் நோட்டுல நாலு கட்டம் போட்டு, சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ்னு தலைப்பு எழுதி, நாலுலயும் ‘வில்’லை ஒட்டி ஒப்பிக்கிறியே, அந்த நோட்டைக் கொஞ்சம் மூடி வை. பரீட்சைக்கு அது போதும். ஆபீஸ்ல ஃபோனை எடுத்துப் பேசறப்போ எந்தக் கட்டம்னு தேடிக்கிட்டு நிக்க முடியாது. அங்க உனக்குத் தேவைப்படறது ஒரே ஒரு கேள்வி: இந்த முடிவு எப்போ எடுத்தது? இப்பவா, முன்னாடியேவா, ஆள் வெச்சுப் பேசி முடிச்சாச்சா?

ஏன் இப்படிச் சொல்றேன்னா, இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு எதிர்காலத்துக்குன்னு தனி உருவமே கிடையாது. ‘வாக்’குக்கு இறந்தகாலம் ‘வாக்ட்’. நாளைக்கு நடக்கறதுக்கு அந்த மாதிரி ஒரு வால் இல்ல. 1985-ல ராண்டால்ஃப் க்வர்க் மூணு பேரோட சேர்ந்து எழுதின பெரிய இலக்கணமும் சரி, 2002-ல ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணமும் சரி, ‘ஃபியூச்சர் டென்ஸ்’ங்கிற தலைப்பையே ஏத்துக்கறதில்ல. ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ எந்தப் பந்தியில உக்காருதோ, ‘வில்’லும் அதே பந்திதான்னு அவங்க கணக்கு. எதிர்காலத்தைச் சொல்ல இங்கிலீஷ்காரங்க நாலஞ்சு வழி வெச்சிருக்காங்க, அதுல ‘வில்’ ஒண்ணு. அவ்வளவுதான்.

தமிழ்ல அப்படி இல்ல. ‘செய்வேன்’ல ஒரு ‘வ்’, ‘படிப்பேன்’ல ஒரு ‘ப்’னு எதிர்காலத்துக்கே எழுத்து வெச்சிருக்கோம். அதனால அந்த ‘வ்’வும் ‘ப்’பும் எங்க வந்தாலும் நம்ம வாய் தானா ‘வில்’ போட்டுடுது. நம்ம ஊர்ல நடக்கற ஃபியூச்சர் தப்புல பெரும்பங்கு இங்கதான் பொறக்குது.

முடிவு எப்போ எடுத்தே?

காலிங் பெல் அடிக்குது. நீ சோஃபாவுல இருந்து எழுந்துக்கிட்டே ‘நான் பாக்கறேன்’ங்கிறே. அந்த நிமிஷம் வரைக்கும் உன் மனசுல அப்படி ஒரு எண்ணமே இல்ல. பெல் சத்தம் கேட்டதும் வந்த முடிவு. இங்கிலீஷ்ல ‘ஐல் கெட் இட்’. அடுப்புல பால் பொங்குதுன்னு அம்மா கத்தறாங்க, ‘நான் அணைக்கறேன்’: ‘ஐல் டர்ன் இட் ஆஃப்’. ஹோட்டல்ல மெனு கார்டைப் பாத்துட்டு ‘எனக்கு ஒரு ரவா தோசை’ங்கிறே: ‘ஐல் ஹேவ் எ ரவா தோசா’. வாயைத் திறக்கிறப்போ பொறந்த முடிவுக்கு ‘வில்’. வாக்கு குடுத்தாலும், உதவி பண்றேன்னு முன்வந்தாலும் அதே ‘வில்’தான்.

கவனிச்சியா, இந்த மூணு தமிழ் வாக்கியத்துலயும் ‘வேன்’ வரவே இல்ல. பாக்கறேன், அணைக்கறேன்னு நிகழ்காலம்தான் வந்துச்சு. தலைப்புல கேட்டேனே, ‘நாளைக்குக் கூப்பிடறேன்’, அதுவும் இந்த ரகம்தான். ‘ஐ கால் யூ டுமாரோ’ன்னு சொல்றவங்க நிறையப் பேர். தமிழைச் சொல்லுக்குச் சொல் கொண்டு போனா அப்படித்தான் வரும். சரியானது ‘ஐல் கால் யூ டுமாரோ’. ‘அனுப்பறேன்’, ‘கேட்டுச் சொல்றேன்’, ‘பாத்துக்கறேன்’னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்! எல்லாத்துக்கும் ‘ஐல்’தான். ‘ஐ வில்’னு ரெண்டு சொல்லையும் தனித்தனியா அழுத்திச் சொன்னா, சாதாரணப் பேச்சுல சபதம் எடுக்கற மாதிரி இருக்கும். ‘ஐல்’னு சேத்துச் சொல்லிப் பழகு.

இப்போ அடுத்தது. முன்னாடியே மனசுல நினைச்சு வெச்சது. ‘இந்த வருஷம் டிரைவிங் கத்துக்கப் போறேன்’: ‘ஐம் கோயிங் டு லேர்ன் டிரைவிங் திஸ் இயர்’. இது அச்சு அசலா நம்ம ‘போறேன்’தான். தமிழும் ‘போ’ங்கிற வினையைத்தான் எடுத்திருக்கு, இங்கிலீஷும் ‘கோ’வைத்தான் எடுத்திருக்கு. இந்த ஒரு ஜோடி பத்தி நீ கவலையே பட வேண்டாம். தமிழ்ல ‘போறேன், போகுது’ன்னு வந்தா கண்ணை மூடிக்கிட்டு ‘கோயிங் டு’. வானம் கறுத்து, காத்து அடிக்குது: ‘மழை வரப்போகுது, துணியை எடு’. ‘இட்ஸ் கோயிங் டு ரெய்ன்’. கண்ணு முன்னாடி அறிகுறி இருக்கு, அதனால ‘கோயிங் டு’. வானிலைச் செய்தி வாசிக்கிறவர் நாளைக்கு மழைன்னு சொல்றப்போ ‘இட் வில் ரெய்ன் டுமாரோ’ன்னாலும் சரிதான். அது கணிப்பு.

படத்துல ‘கானா, கானா’ன்னு சொல்றாங்களே, அது இந்த ‘கோயிங் டு’வோட பேச்சு உருவம். காதுல வாங்கிக்கோ. மெயில்ல எழுதிடாதே.

மூணாவது, ஆள் வெச்சுப் பேசி, நேரம் குறிச்சு, டிக்கெட் எடுத்து முடிச்சது. ‘சனிக்கிழமை டென்டிஸ்ட்டைப் பாக்கறேன்’: ‘ஐம் சீயிங் த டென்டிஸ்ட் ஆன் சாட்டர்டே’. ‘வர்ற தை மாசம் அவளுக்குக் கல்யாணம்’: ‘ஷி இஸ் கெட்டிங் மேரீட் இன் ஜனவரி’. பாரு, இங்கயும் தமிழ்ல ‘பாக்கறேன்’தான். பெல் அடிச்சப்போ சொன்னதும் ‘பாக்கறேன்’தான். தமிழுக்கு ஒரே முகம், இங்கிலீஷ்ல ரெண்டு. பிரிக்கிறது சுலபம். உன் டைரியில அது எழுதியிருக்கா, இன்னொருத்தருக்கும் அது தெரியுமா? ஆமான்னா ‘இங்’ சேத்த வினை. இல்ல, இப்பதான் தோணுச்சுன்னா ‘ஐல்’.

உன் மேனேஜர் ‘வெள்ளிக்கிழமை மீட்டிங் போடலாமா?’ன்னு கேக்கறார்னு வை. ‘சாரி, ஐம் டிராவலிங் டு கோயம்புத்தூர் ஆன் ஃப்ரைடே’ன்னா, டிக்கெட் கையில இருக்கு, மாத்த முடியாதுன்னு அவருக்குப் புரியும். ‘ஐல் டிராவல் டு கோயம்புத்தூர்’னு சொன்னா, அவர் கேட்டதும் தப்பிக்கறதுக்காக நீ கோயம்புத்தூரைக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். இலக்கணப்படி ரெண்டும் வாக்கியம்தான். ஆனா கேக்கறவங்க மனசுல விழற அர்த்தம் வேற வேற.

‘கிளம்பிட்டேன், செருப்பு மாட்டிட்டு இருக்கேன்’ங்கிற நிலைமைக்கு ‘ஐம் அபவுட் டு லீவ்’னு ஒண்ணு இருக்கு, அதையும் பையில போட்டுக்கோ. ‘உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன், நீயே கூப்பிட்டுட்டே’ங்கிறதுக்கு ‘ஐ வாஸ் கோயிங் டு கால் யூ’. நினைச்சது நடக்காமப் போனா இந்த ‘வாஸ் கோயிங் டு’ மாதிரி உதவறது வேற இல்ல.

தினமும் அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன்

இதுதான் பெரிய பொறி. பத்து வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களும் விழற இடம்.

தமிழ்ல ‘எழுந்துப்பேன்’ ரெண்டு வேலை பாக்குது. ‘நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன்’னா எதிர்காலம். ‘தினமும் அஞ்சு மணிக்கு எழுந்துப்பேன்’னா வழக்கம். நமக்கு ரெண்டும் ஒரே உருவம். அதனால ‘டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ்’னு சொல்றோம். தமிழ் தெரியாதவர் அதைக் கேட்டா, இந்தப் பொண்ணு இனிமே அஞ்சு மணிக்கு எழுந்துக்கறதா உறுதி எடுத்திருக்கான்னுதான் நினைப்பார். ‘ஐ கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே’ன்னு முடி. ‘வில்’ வேண்டாம்.

இன்டர்வியூவுல இது உன்னைக் கவுத்துடும். ‘ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?’ன்னு இங்கிலீஷ்ல கேக்கறாங்க. அவங்க கேக்கறது ‘வாட் டு யூ டூ’ன்னுதான், ‘வாட் வில் யூ டூ’ன்னு இல்ல. நீ மனசுல தமிழ்ல ‘புக் படிப்பேன், பாட்டு கேப்பேன்’னு நினைச்சுக்கிட்டு ‘ஐ வில் ரீட் புக்ஸ், ஐ வில் லிசன் டு மியூசிக்’ங்கிறே. இதுவரைக்கும் படிக்கல, இனிமே படிக்கப் போறேன்னு சொன்ன மாதிரி ஆயிடும்! ‘ஐ ரீட், ஐ லிசன் டு மியூசிக்’. போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். தமிழ் வாக்கியத்துக்கு முன்னாடி ‘வழக்கமா’ங்கிற சொல்லைப் போட்டுப் பாரு. உக்காந்துக்குச்சுன்னா ‘வில்’ கிடையாது. ‘வழக்கமா அப்பா ரெண்டு வேளை காபி குடிப்பாரு’: ‘மை ஃபாதர் டிரிங்க்ஸ் காஃபி ட்வைஸ் எ டே’. ‘வழக்கமா இந்த பஸ் லேட்டாத்தான் வரும்’: ‘திஸ் பஸ் யூஷுவலி கம்ஸ் லேட்’. ‘நூறு டிகிரியில தண்ணி கொதிக்கும்’, ‘சூரியன் கிழக்குல உதிக்கும்’னு இயற்கையைப் பத்திச் சொல்றதும் இதே கணக்கு: ‘பாய்ல்ஸ்’, ‘ரைசஸ்’.

வேடிக்கை என்னன்னா, ‘தெரியும்’, ‘பிடிக்கும்’, ‘வேணும்’ எல்லாத்துக்கும் அதே ‘உம்’தான், ஆனா அதுல யாரும் தப்பு பண்றதில்ல. ‘ஐ வில் லைக் தோசை’ன்னு எந்தப் பொண்ணும் சொல்லி நான் கேட்டதில்ல, ‘ஐ லைக்’னு தானா வருது. அந்தப் பழக்கத்தை மத்த ‘உம்’முக்கும் நீட்டிக்கணும்.

ரயில், பஸ், ஸ்கூல், சினிமான்னு நேரம் அச்சடிச்சு வெச்சிருக்கற விஷயங்களும் இந்த வழிதான். ‘நாளைக்கு ட்ரெயின் ஏழு மணிக்குக் கிளம்பும்’: ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன் டுமாரோ’. நாளைக்குன்னு சொல்லிட்டு நிகழ்காலம் போடலாமான்னு தயங்காதே, தாராளமா போடலாம். அட்டவணை முடிவு பண்ணியாச்சு. ‘நாளைக்கு எனக்கு எக்ஸாம் இருக்கு’ன்னா ‘ஐ ஹேவ் அன் எக்ஸாம் டுமாரோ’. நம்ம ஊர்ல ‘ஐம் ஹேவிங் எக்ஸாம்’னு சொல்றது காதுக்குப் பழகிப்போச்சு, நம்ம ஊருக்குள்ள யாருக்கும் அது உறுத்தாது. வெளியாளுக்கு எழுதறப்போ ‘ஹேவ்’னே எழுது.

‘தாத்தா அப்போ தினமும் கதை சொல்லுவாரு’. இதைப் பாத்தியா? நடந்து முடிஞ்ச வழக்கத்துக்குக்கூட நாம ‘சொல்லுவாரு’ன்னு எதிர்கால உருவத்தைத்தான் போடறோம். ‘வில்’ போட்டா கதையே மாறிடும். ‘யூஸ்ட் டு டெல்’னு சொல்லு. ‘வுட் டெல்’னாலும் சரி.

(இங்கிலீஷ்லயும் ‘ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்’னு ‘வில்’லை வழக்கத்துக்குப் போடறது உண்டு. ‘அவன் அப்படித்தான், மணிக்கணக்கா உக்காந்திருப்பான்’னு ஒருத்தர் குணத்தைச் சொல்றப்போ வரும். படிக்கிறப்போ கண்ணுல பட்டா குழம்பிக்காதே. நீ இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.)

‘எப்போ’வும் ‘போது’வும்

‘நீ வரும்போது அந்த ஃபைலைக் கொண்டு வா’. ‘வரும்’னு இருக்கறதால ‘வென் யூ வில் கம்’னு வாய் போகும். இழுத்துப் பிடி. ‘வென் யூ கம், பிரிங் தட் ஃபைல்’. ‘வென்’, ‘இஃப்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’, ‘அன்லெஸ்’, ‘ஆஸ் சூன் ஆஸ்’, இவங்க தலைமை தாங்கற பாதியில ‘வில்’லுக்கு இடமில்ல, மறுபாதியில வெச்சுக்கலாம். ‘மழை பெஞ்சா வர மாட்டேன்’: ‘இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோன்ட் கம்’. ‘அவர் வந்ததும் சொல்றேன்’: ‘ஐல் டெல் யூ ஆஸ் சூன் ஆஸ் ஹி கம்ஸ்’. தமிழ்லயும் ‘பெஞ்சா’, ‘வந்ததும்’ல எதிர்காலம் தெரியுதா என்ன? இல்லதானே. இங்க தமிழ் உனக்குத் துணைதான்.

ஆனா ‘அவர் எப்போ வருவார்னு தெரியல’ன்னு சொல்றப்போ? ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. இங்க ‘வில்’ கட்டாயம் வேணும்! ‘வென்’னுக்கு அப்புறம் ‘வில்’ வரவே கூடாதுன்னு பாதி விதியை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க இங்க ‘வென் ஹி கம்ஸ்’னு எழுதிட்டு வருவாங்க. வழி ரொம்ப எளிசு. தமிழ்ல ‘எப்போ’ன்னு கேள்விச்சொல் இருந்தா ‘வில்’ உண்டு. ‘போது’, ‘உடனே’, ‘அப்புறம்’, ‘வந்தா’ன்னு இருந்தா ‘வில்’ இல்ல. ‘வருவாரான்னு தெரியல’ங்கிறதும் கேள்வி வகைதான், அதனால ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’.

நேர்க் கேள்வியில ‘வில்’ முன்னாடி ஏறிக்கும்: ‘வென் வில் யூ கம்?’ ‘வென் யூ வில் கம்?’னு கேக்கறது நம்ம பக்கத்துல ரொம்ப சகஜம், அதை மட்டும் திருத்திக்கிட்டாலே உன் பேச்சு ஒரு படி ஏறிடும்.

மாட்டேங்குது

வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. குழந்தை சாப்பிட மாட்டேங்குது. பாட்டில் மூடி திறக்க மாட்டேங்குது. எதிர்காலமே இல்லாத இந்த வாக்கியங்களுக்கு இங்கிலீஷ்ல என்ன தெரியுமா? ‘த பைக் வோன்ட் ஸ்டார்ட்’, ‘த சைல்ட் வோன்ட் ஈட்’, ‘த லிட் வோன்ட் ஓப்பன்’. மூடிக்கும் வண்டிக்கும் பிடிவாதம் இருக்கற மாதிரி நாம சொல்றோம், அவங்களும் அப்படியே சொல்றாங்க. ‘பைக் இஸ் நாட் ஸ்டார்ட்டிங்’னு சொன்னாலும் புரியும். ஆனா ‘வோன்ட்’டுல நம்ம ‘மாட்டேங்குது’வோட எரிச்சலும் சேந்து வரும். அதான் எனக்கு அது பிடிக்கும்.

உச்சரிப்புல மட்டும் ஜாக்கிரதை. ‘வேணும்’ங்கிறது ‘வான்ட்’. ‘மாட்டேன்’ங்கிறது ‘வோன்ட்’, ‘ஓ’வை நல்லா வட்டமா, நீட்டிச் சொல்லணும். வேலை வேணும்னு கேக்கப் போயி வேலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடாதே.

‘க்குள்ள’ இருக்கே, அது லேசுப்பட்டது இல்ல

‘நீ வர்றதுக்குள்ள சமைச்சு முடிச்சிருப்பேன்’. இந்த ‘சிருப்பேன்’தான் நீ பயப்படற ஃபியூச்சர் பெர்ஃபெக்ட். ‘பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் குக்கிங்’. ‘நாளைக்கு இந்நேரம் எக்ஸாம் எழுதிட்டு இருப்பேன்’ங்கிறதுல வர்ற ‘ட்டு இருப்பேன்’ ஃபியூச்சர் கன்டினியூவஸ்: ‘திஸ் டைம் டுமாரோ, ஐல் பி ரைட்டிங் மை எக்ஸாம்’. ரெண்டையும் நீ அஞ்சு வயசுல இருந்து தமிழ்ல தப்பில்லாம பேசிட்டு இருக்கே. பேரைக் கேட்டுதான் பயம்.

இந்த ‘இருப்பேன்’, ‘இருக்கும்’ இன்னொரு வேலையும் செய்யுது. ‘இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேந்திருப்பான்’. எதிர்காலமே இல்ல, ஒரு ஊகம். இங்கிலீஷ்லயும் ‘ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்’. கதவு தட்டற சத்தம் கேட்டு ‘பால்காரரா இருக்கும்’னு சொல்றோமே, ‘தட்ல் பி த மில்க்மேன்’. ரெண்டு மொழியும் எங்க சந்திச்சுப் பேசி வெச்சுக்கிட்டாங்களோ தெரியல.

சிக்கல் ‘க்குள்ள’யிலதான். ‘அஞ்சு மணிக்குள்ள முடிச்சுடுவேன்’னா ‘பை ஃபைவ்’. ‘ரெண்டு நாளுக்குள்ள’ன்னா ‘வித்தின் டூ டேஸ்’. அதாவது கெடு ஒரு புள்ளியா இருந்தா ‘பை’, ஒரு கால அளவா இருந்தா ‘வித்தின்’. ‘அன்டில் ஃபைவ்’னா ‘அஞ்சு மணி வரைக்கும்’. ‘ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே’ன்னு மெயில் போனா, வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருப்பியோன்னு அந்தப் பக்கம் முழிப்பாங்க. ‘பை ஃப்ரைடே’ன்னு எழுது. ஆபீஸ்ல ஃபியூச்சர் டென்ஸைவிட இந்த ஒரு சொல்தான் அதிகம் சண்டை மூட்டும்.

கன்டினியூவஸுக்கு இன்னொரு பயன் இருக்கு. சீனியர்கிட்ட ‘நாளைக்கு ஆபீஸ் வருவீங்களா?’ன்னு கேக்கணும். ‘வில் யூ கம் டு த ஆபீஸ் டுமாரோ?’ன்னா, வாங்கன்னு கூப்பிடற மாதிரியோ, வற்புறுத்தற மாதிரியோ விழலாம். ‘வில் யூ பி கமிங் டு த ஆபீஸ் டுமாரோ?’ன்னா, உங்க திட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கலாமான்னு பணிவா கேக்கற மாதிரி இருக்கும். நம்ம ‘ங்க’ செய்யற வேலையில கொஞ்சத்தை இந்த ‘பி கமிங்’ செய்யுது. ஆனா ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ மாதிரி மனசுக்குள்ள நடக்கறதுக்கு ‘இங்’ சேத்து ‘யூ வில் பி நோயிங்’னு சொல்லிடாதே. அது எங்கயும் எடுபடாது.

பெர்ஃபெக்ட் கன்டினியூவஸா? ‘அடுத்த ஜூனோட இங்க சேந்து அஞ்சு வருஷம் ஆகியிருக்கும்’னு வேலை, படிப்பு பத்தி எப்பவாவது சொல்ல வேண்டி வரும்: ‘பை நெக்ஸ்ட் ஜூன், ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்பட்டா அதிகம். நகரு.

‘ஷல்’லும் ‘வுட்’டும்

நம்ம வீட்டு அலமாரியில அப்பா காலத்து ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இருக்குல்ல? அதுல ‘ஐ’, ‘வீ’க்கு ‘ஷல்’, மத்தவங்களுக்கு ‘வில்’னு பழைய விதி இருக்கும். 1653-ல ஜான் வாலிஸ்னு ஒருத்தர் லத்தீன்ல எழுதின இங்கிலீஷ் இலக்கணத்துல இருந்து வர்ற விதி அது. அவர் முழுநேர இலக்கண ஆசிரியர்கூட இல்ல, ஆக்ஸ்ஃபோர்டுல கணக்குப் பேராசிரியர். முடிவிலிக்குப் போடற படுத்த எட்டு குறியைக் கொண்டுவந்தவரும் அவரேதான். விதியைத் தலைகீழா போட்டா அர்த்தமும் தலைகீழாகும்னு காட்ட ஒரு பழைய ஜோக் உண்டு. தண்ணியில விழுந்த வெளிநாட்டுக்காரர் ‘ஐ வில் டிரவுன், நோபடி ஷல் சேவ் மீ’ன்னு கத்தினாராம். மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாத்தக் கூடாதுன்னு அடம்பிடிக்கிறார்னு நினைச்சு கரையில நின்னவங்க சும்மா இருந்துட்டாங்களாம்.

இன்னைக்கு அந்த விதியை யாரும் பாக்கறதில்ல. ‘ஐ வில்’ எங்கயும் சரி. ‘ஷல்’ உனக்கு வேண்டியது ரெண்டே இடத்துல. ஒண்ணு, ‘கிளம்பலாமா?’, ‘நான் கதவைத் திறக்கட்டுமா?’: ‘ஷல் வீ கோ?’, ‘ஷல் ஐ ஓப்பன் த டோர்?’ அந்த ‘லாமா’வுக்கும் ‘ட்டுமா’வுக்கும் ‘ஷல்’தான் பொருத்தம், ‘வில் ஐ ஓப்பன்’னு கேக்காதே. இன்னொண்ணு, சட்டமும் ஒப்பந்தமும். நம்ம அரசியலமைப்புல குடியரசுத் தலைவர் பதவியைச் சொல்ற 52-ஆம் பிரிவுல இருந்து உன் வாடகை ஒப்பந்தம் வரைக்கும் ‘ஷல்’ நிறைஞ்சு கிடக்கும். அங்க அதுக்கு எதிர்காலம்னு அர்த்தம் இல்ல, கட்டாயம்னு அர்த்தம். ‘த டெனன்ட் ஷல் பே’ன்னு இருந்தா, குடியிருக்கறவர் குடுத்தே ஆகணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ‘ஷல்’ வர்ற வரிகளை மட்டும் ரெண்டு தடவை படி.

‘வுட்’ விஷயம் வேற. ‘வில்’லைவிட மரியாதையா இருக்கும்னு நினைச்சு ‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’ன்னு எழுதறாங்க. நம்ம ஆபீஸ் மெயில்கள்ல இது பரவிக் கிடக்கு. ‘வுட்’ போட்டதும் ‘...ஆனா’ன்னு ஒரு நிபந்தனை பாக்கி நிக்கும். லீவு போடலாம்னு இருந்தேன், ஆனா... ஆனா என்ன? ‘ஐ வில் பி ஆன் லீவ் டுமாரோ’ன்னு நேரா எழுது. அது மரியாதைக் குறைவு இல்ல. ‘வுட்’ வேண்டிய இடம், ஒருத்தர் சொன்னதைத் திருப்பிச் சொல்றப்போ. ‘வருவேன்னு சொன்னார்’: ‘ஹி செட் ஹி வுட் கம்’. தமிழ்ல ‘வருவேன்’ அப்படியே நிக்கும், இங்கிலீஷ்ல ‘செட்’டுக்குப் பின்னாடி அதுவும் ஒரு அடி பின்வாங்கும். வர வேண்டிய நாள் இன்னும் இருக்குன்னா ‘ஹி செட் ஹி வில் கம்’ங்கிறதையும் ஏத்துக்குவாங்க.

இன்டர்வியூ, ஐஈஎல்டிஎஸ், பேப்பர்

‘அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?’ன்னு கேப்பாங்கன்னு தெரியும்ல. எல்லாரும் ‘ஐ வில் பிகம் மேனேஜர்’னு அடிச்சு விடறாங்க. ‘வில்’ மட்டும் போட்டா வாக்கு குடுத்த மாதிரி, கொஞ்சம் மிதப்பாவும் தெரியும். கலந்து சொல்லு. ஏற்கனவே தொடங்கினதுக்கு ‘ஐம் டூயிங் எ கோர்ஸ் நவ், ஐம் கோயிங் டு ஃபினிஷ் இட் பை மார்ச்’. ஆசைக்கு ‘ஐட் லைக் டு’, திட்டத்துக்கு ‘ஐ பிளான் டு’, நம்பிக்கைக்கு ‘ஐ ஹோப் டு’. எது முடிவான விஷயம், எது ஆசைன்னு தெரிஞ்சு பேசற பொண்ணுன்னு அவங்களுக்குப் பட்டுடும்.

ஐஈஎல்டிஎஸ் அகடமிக் எழுத்துத் தேர்வுல, முதல் பகுதியில சில சமயம் இனிமே வரப்போற வருஷங்களோட கணக்கை வரைபடமா குடுப்பாங்க. ‘வில் இன்க்ரீஸ்’னே வரிக்கு வரி எழுதாதே. நடக்கும்னு கணிச்சதுதானே அது? ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’, ‘இஸ் ப்ரொஜெக்டட் டு’, ‘இஸ் லைக்லி டு’ன்னு மாத்தி மாத்தி எழுது.

காலையில இங்கிலீஷ் பேப்பர் புரட்டறப்போ தலைப்புகளை மட்டும் பாரு. ‘சி.எம். டு ஓப்பன் ஃப்ளைஓவர்’னு இருந்தா இன்னும் திறக்கல, திறக்கப் போறார். நடுவுல ஒரு ‘இஸ்’ ஒளிஞ்சிருக்கு, ‘சி.எம். இஸ் டு ஓப்பன்’னு படிச்சுக்கோ. ‘சி.எம். ஓப்பன்ஸ் ஃப்ளைஓவர்’னு இருந்தா நிகழ்காலம் மாதிரி தெரிஞ்சாலும் நேத்தே திறந்து வெச்சுட்டார், நீ அந்த வழியா வண்டியில போகலாம்.